பீரோவுக்குள் ஒரு பழுப்பு உறை

உங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஆஸ்பத்திரிப் பெயர் அச்சிட்ட பழுப்பு உறை ஒன்று இருக்கிறதா? அதற்குள் உங்கள் பையனின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் உங்களோடுதான் பேசுகிறேன். அதை இன்றைக்கே வெளியே எடுங்கள். உங்கள் அக்கா, தங்கை, அவர்கள் பெற்ற பெண்கள், சித்தி மகள், பெரியம்மா மகள் எல்லாருக்கும் சேர்த்து வந்த தபால் அது. உங்கள் வீடு முதலில் இருந்ததால் உங்கள் கைக்கு வந்தது. பிறத்தியார் தபாலைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஊர் பேர் வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடிய வீடு. பையனுக்கு நாலு வயது. நடக்கத் தொடங்கியதே தாமதம். ஓடினால் விழுகிறான். படி ஏறக் கைப்பிடி தேடுகிறான். தரையிலிருந்து எழும்போது குப்புறத் திரும்பி, கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுகிறவனைப் போல நிமிர்கிறான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு இருக்கிறது. "கால் பாரு, பயில்வான் கால்" என்று பாட்டிக்குப் பெருமை. அந்தத் திரட்சி நோயின் அடையாளம் என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் மருத்துவர், தசை சிதைவதைக் காட்டும் சி.கே. அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார். சில நூறுக்குள் இருக்க வேண்டியது பல்லாயிரத்தில் நிற்கிறது. டுஷேன் தசைச் சிதைவு நோய்.

அன்றைக்கு இரவே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது." பெண்ணைப் பெற்றவளோ வேறொரு கவலையில் இருக்கிறாள். "சின்னவளுக்கு இப்பத்தான் வரன் வந்திருக்கு, வாயைத் திறக்காதே, கல்யாணம் முடியட்டும்" என்கிறாள். கல்யாணம் முடிகிறது. "அவ முழுகாம இருக்கா, இப்பப் போயி பயமுறுத்தாதே." பிள்ளை பிறக்கிறது. "பச்சை உடம்புக்காரி, அப்புறம் பார்த்துக்கலாம்." அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. சின்னவளின் பையனும் படி ஏறக் கைப்பிடி தேடுகிறான்.

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் பாசத்தால்தான் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனாலும் நடந்தது அநியாயம். தெரிந்திருந்தால் சின்னவள் என்ன செய்திருப்பாள் என்பது அவள் பாடு. பரிசோதனை செய்துகொண்டிருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். பிள்ளை பெற்றிருக்கலாம், தத்தெடுத்திருக்கலாம். பிறந்த பையனை ஆறு மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டியிருக்கலாம். அத்தனை முடிவையும் அவளைக் கேட்காமல் அவள் சார்பில் குடும்பம் எடுத்துவிட்டது. அதைத்தான் பாவம் என்கிறேன்.

இந்த நோய் தாய் வழியில் எப்படி வருகிறது என்ற கணக்கு ஒன்றும் கடினமில்லை. நம் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். பெண்ணின் ஓர் எக்ஸில் பழுது இருந்தால் மற்றொன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆண் ஸ்டெப்னி இல்லாத வண்டி. அவனுடைய ஒரே எக்ஸ் அம்மாவிடமிருந்து வந்தது; அதில் பழுது என்றால் நோய்தான். பழுதைச் சுமக்கும் தாயை ஆஸ்பத்திரியில் 'கேரியர்' என்பார்கள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பிவிடுவான் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் பூவா தலையா போடப்படுகிறது. நோயுள்ள தகப்பனிடமிருந்து மகனுக்கு இது போகாது, ஏனென்றால் மகனுக்கு அவர் தருவது ஒய். மகள்களுக்கோ அவரிடம் இருக்கும் அந்த ஒரே எக்ஸ்தான் போகும். ஆகவே அவர் பெற்ற மகள்கள் அத்தனை பேரும் கேரியர்கள். சோதித்துப் பார்க்கவே தேவையில்லை.

இதே எக்ஸ் வழியில் வரும் இன்னொரு நோய், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா. அதில் ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு வருகிறது. டுஷேன் 3,500 முதல் 5,000 பேரில் ஒருவனுக்கு. அரிய நோய்கள் என்று பெயர். ஆனால் வந்த குடும்பத்துக்குள் அவை அரியவை அல்ல. ஊருக்கு ஐயாயிரத்தில் ஒன்று; உங்கள் தங்கைக்கு இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அக்கா வீட்டுச் செய்தியைத் தங்கை தெரிந்து நடந்துகொள்வதைச் சரியாகச் செய்துகாட்டிய பெண்களும் இருந்தார்கள். யூதர்களின் தால்முத் நூலில் ஒரு செய்தி உண்டு. கலிலேயாவில் சிப்போரி என்ற ஊர், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன். உடன்பிறந்தவர்கள் நாலு பெண்கள். மூத்தவளின் மகனுக்கு விருத்தசேதனம் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவள் மகன் இறந்தான். மூன்றாமவள் மகனும் இறந்தான். நாலாமவள் தன் குழந்தையோடு ரபான் சிமியோன் பென் கமாலியேல் என்ற குருவிடம் போனாள். செய்யாதே என்று அவர் சொல்லிவிட்டார். வேதக் கட்டளையையே அந்தக் குழந்தைக்காகத் தள்ளிவைத்தார். அவர்களுக்கு உறைவுக் காரணிகள் தெரியாது, எக்ஸ் தெரியாது. அக்காமார் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் தங்கைக்குத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அரண்மனையில் நேர்ந்தது வேறு. இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் மகன் லியோபோல்டுக்கு ஹீமோஃபிலியா. 1884-இல் பிரான்ஸின் கான் நகரில் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தார். அவருடைய அக்கா ஆலிஸ் ஜெர்மனியில் ஹெஸ்ஸே அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆலிஸின் சின்ன மகன் ஃபிரெட்ரிக் 1873-இல் ஜன்னலிலிருந்து விழுந்தான். உள்ளே கசிந்த ரத்தம் நிற்காமல், மூன்று வயது நிறையுமுன் போய்விட்டான். ஆலிஸின் மகள் ஐரீனுக்கு 1889-இல் பிறந்த மூத்த மகனுக்கும் அதே நோய். 1894-இல் ஐரீனின் தங்கை அலிக்ஸ் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸை மணந்தார். நம் ஊர் உறவுக் கணக்கில் பாருங்கள்: அலிக்ஸுக்கு லியோபோல்டு தாய்மாமன், ஃபிரெட்ரிக் கூடப்பிறந்த அண்ணன், ஐரீனின் பிள்ளை அக்கா மகன். மூன்று பேர், ஒரே நூல். 1904 ஆகஸ்டில் பட்டத்து இளவரசன் அலெக்ஸி பிறந்தான். சில வாரங்களில் தொப்புளில் ரத்தம் வந்தது. ரஷ்ய மக்களிடமிருந்து அந்த நோயை மறைத்தார்கள். பிள்ளையைக் காப்பார் என்று அரசி நம்பிய ரஸ்புதின் என்ற சாமியாருக்கு அரண்மனைக்குள் ஏன் அத்தனை செல்வாக்கு என்று நாட்டுக்குப் புரியவே இல்லை. புரியாத இடத்தில் வதந்தி புகுந்தது. அலெக்ஸியின் நோய் ஹீமோஃபிலியா பி வகை என்பது 2009-இல், அந்தக் குடும்பத்தின் எலும்புகளில் எடுத்த டி.என்.ஏ.விலிருந்துதான் உறுதியாயிற்று. அரண்மனையில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. சிப்போரியின் நாலாம் தங்கைக்கு ஒரு மருத்துவரும் இல்லை. ஆனாலும் எந்த வீட்டில் எச்சரிக்கை வேலை செய்தது என்று பாருங்கள்.

தாய்மாமன் என்று சொன்னேன். எக்ஸ் வழி நோய்களில் நாம் தேட வேண்டிய முதல் ஆள் அவர்தான். நம் வழக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துகிறவர் தாய்மாமன். உங்கள் அம்மாவோடு பிறந்த ஆண்களில், பாட்டியோடு பிறந்த ஆண்களில், அந்த மடியைத் தர முடியாமல் சின்ன வயதிலேயே போனவர்கள் உண்டா? பாட்டி இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். நோயின் பெயர் அவர் வாயிலிருந்து வராது. "பல்லு பிடுங்கின இடத்துல ரத்தம் நிக்கவே இல்லை", "நல்லாத்தான் இருந்தான், எட்டு வயசுல கால் விளங்காமப் போச்சு", "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்றெல்லாம் வரும். அந்தக் கதைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். காரணத்தில்தான் பிழை, பார்த்ததைப் பாட்டி பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்று கோடு போடுங்கள். ஆஸ்பத்திரியில் மரபியல் ஆலோசகர் முதலில் செய்வதும் அதையேதான்.

இந்தத் தாளில் ஒரு சங்கதி புரியும். நோய் பெரும்பாலும் பெண்கள் வழியாக நகர்கிறது, ஆண்களிடம்தான் முழுதாக வெளிப்படுகிறது. 1803-இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ ரத்தக்கசிவுள்ள ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதும்போது இதைக் குறித்துவைத்தார். கல்யாணமாகிப் போன பெண்களின் வீட்டுப்பெயரும் ஊரும் மாறிவிடுவதால், ஒரே நோய் நாலு வெவ்வேறு வீட்டுத் துயரமாகத் தெரிகிறது. நாலையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரி அதைச் செய்யாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்ட மருத்துவர் உங்கள் அக்காவுக்குத் தானாகப் போன் செய்ய முடியாது. அந்த வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

அடுத்து, பழி. மாமியார்களே, மாமனார்களே, கணவன்மார்களே, இது உங்களுக்கு. "உன் ரத்தம்தான்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டுஷேன் நோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் இல்லாத பழுது பிள்ளையிடம் புதிதாக நேர்ந்தது. அந்த நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோஃபின் மரபணு மனிதனிடம் அறியப்பட்ட மரபணுக்களிலேயே மிகப் பெரியது. 79 துண்டுகள் கொண்டது. அவ்வளவு நீளமான ஒன்றைப் படியெடுக்கும்போது எங்காவது பிழை விழ இடம் அதிகம். ஆகவே நீங்கள் வருடக்கணக்காகக் குத்திக்காட்டும் மருமகள் கேரியராகவே இல்லாமல் இருக்கலாம். சரி, கேரியர்தான் என்றே வையுங்கள். எந்த மரபணு வேண்டும் என்று அவள் கடையில் பார்த்து வாங்கிவந்தாளா? பிள்ளைக்கு நோய் என்று தெரிந்ததும் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற ஆணை என்ன சொல்வது? நோய் பையனின் தசையில். அழுகல் வேறெங்கோ.

இந்தப் பழிதான் மௌனத்துக்கும் தாய். சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்த பெண் ஏன் சொல்லப் போகிறாள்? "அவள் மறைத்துவிட்டாள்" என்று கோபப்படுகிறவர்கள், அவளைச் சொல்ல விட்டோமா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு தவறான தேறுதலையும் விட்டுவிட வேண்டும். "சொந்தத்துல கட்டினதால வந்தது, இனி அசல்ல கட்டினா சரியாப் போயிரும்" என்பார்கள். இருவரும் சேர்ந்து பழுதைக் கொடுத்தால்தான் வருகிற நோய்களுக்கு அது பொருந்தும். தாயின் எக்ஸ் வழியாக மகனுக்கு வரும் நோய்க்கு அது பொருந்தாது. மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தாலும் பாதிக்குப் பாதி பாதிக்குப் பாதிதான். அதற்காகச் சொந்தத்தில் கட்டலாம் என்றும் சொல்லவில்லை. ஹீமோஃபிலியா உள்ள தாய்மாமன், கேரியராக உள்ள அக்கா மகளைக் கட்டினால், பெண் குழந்தைக்கே நோய் முழுதாக வரக்கூடும். அசலில் கட்டுவது ஆபத்தை நீக்காது. இந்த ஒரு சொந்தம் ஆபத்தைக் கூட்டும். இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எக்ஸ் வழியில் வருவதில் எளிதில் உடையும் எக்ஸ் என்று இன்னொரு நோய் உண்டு. ஃபிரஜைல் எக்ஸ் என்பார்கள். மரபு வழி அறிவுத்திறன் குறைபாட்டுக்குத் தெரிந்த காரணங்களில் மிகப் பொதுவானது. எக்ஸில் ஓரிடத்தில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. 45-க்குள் இருந்தால் தொல்லை இல்லை. 55-லிருந்து 200 வரை முன்நிலை. 200-ஐத் தாண்டினால் அந்த மரபணு வாயடைத்துப் போகிறது. தாய் வழியாகப் போகும்போது தொடர் நீண்டுவிடக்கூடியது என்பதுதான் இதன் விபரீதம். தாத்தாவுக்கு முன்நிலை; அவர் பள்ளிக்கூட வாத்தியாராகவோ வியாபாரியாகவோ நன்றாகத்தான் இருந்தார், அறுபதுக்கு மேல் கை நடுங்கியது, நடை தள்ளாடியது. அவருடைய மகளுக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. பேரனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை. தாத்தா நரம்பு டாக்டரிடமும், மகள் மகப்பேறு டாக்டரிடமும், பேரன் குழந்தை டாக்டரிடமும் போகிறார்கள். மூன்று வெவ்வேறு ஃபைல்கள். மூன்றும் ஒரே காரணமாக இருக்கலாம் என்பதை ஒரு டாக்டரும் சொல்லப் போவதில்லை, மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று நீங்கள் சொன்னாலொழிய. வெட்கப்பட்டு மகள் மாதவிடாயைச் சொல்லாமல் விட்டால், வயதுக் கோளாறு என்று தாத்தாவின் நடுக்கத்தை விட்டால், முடிச்சு அவிழாது.

இனிச் செய்ய வேண்டியது. பையன் இருக்கும்போதே அவன் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்துவிடுங்கள். இது ஏன் அவசரம் என்றால், அவனிடம் எந்த இடத்தில் என்ன பழுது என்று தெரிந்தால்தான் மற்ற பெண்களிடம் அதே பழுது இருக்கிறதா என்று குறிபார்த்துத் தேட முடியும். அவன் போன பிறகு தேடுவது கடினம், வருகிற பதிலிலும் சந்தேகம் மிஞ்சும். கேரியர் பெண்களில் பலருக்கு சி.கே. அளவு சாதாரணமாக இருக்கும்; ஹீமோஃபிலியா கேரியரின் ஃபேக்டர், அதாவது உறைவுக் காரணி, அளவும் அப்படியே. "ரத்தம் பார்த்தோம், நார்மல்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். டி.என்.ஏ. பார்த்தால்தான் தெரியும். தாயின் ரத்தத்தில் பழுது இல்லை என்று வந்தாலும் மரபியல் ஆலோசனையை விட்டுவிடாதீர்கள். கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் பழுது ஒளிந்திருப்பது உண்டு. அடுத்த கர்ப்பத்தில் அது தலைகாட்டலாம்.

இதெல்லாம் கருத்தரிக்குமுன் நடக்க வேண்டும். ஐந்தாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டு மரபணு மருத்துவரிடம் ஓடுகிற கொடுமை வேண்டாம். பழுது இன்னதென்று தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் துணுக்கு எடுத்தோ, 16-ஆவது வாரவாக்கில் பனிக்குட நீர் எடுத்தோ பார்க்க முடியும். சட்டம் தடுக்கும் என்று பலர் பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத்தான் குற்றமாக்கியது. பாலினம் சார்ந்த மரபு நோய்கள் உள்ள குடும்பத்துக்கு, பதிவு பெற்ற மையத்தில், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது. பார்த்தபின் என்ன செய்வது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. கர்ப்பத்தைத் தொடர்வதும் முடிவுதான். அவள் பெற்றெடுக்கத் தீர்மானித்தால், "தெரிஞ்சே பெத்தியா" என்று கேட்கிற நாக்கு நம்மிடம் இருக்கக் கூடாது.

கேரியர் என்றால் வெறும் தபால்காரி என்றுகூட நினைத்துவிடக் கூடாது. அவள் உடம்பும் உடம்புதான். ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடுகிறது என்பதை 1961-இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கினார். எது உறங்கும் என்பது அதிர்ஷ்டம். நல்ல எக்ஸ் அதிகம் உறங்கிவிட்ட பெண்ணுக்குத் தொல்லை வருகிறது. ஹீமோஃபிலியா கேரியருக்கு மாதவிடாயில் பெருக்கு, பிரசவத்துக்குப் பின் பெருக்கு. "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று அதை வழக்கமாக்கி வைத்திருப்போம். டுஷேன் கேரியருக்கு இதயத் தசை பலவீனப்படலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஓடி ஓடித் தன்னைக் கவனிக்காத தாய்க்கு இதை யார் சொல்வது? கூடப்பிறந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஹீமோஃபிலியா குடும்பத்துப் பெண் பிரசவத்துக்குப் போகும்போது முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆண் குழந்தையாக இருந்தால் கருவி போட்டு இழுப்பது தலைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடும் முறைகூட மாறும். காதுகுத்து, சுன்னத், பல் பிடுங்குவது எதுவானாலும் ரத்தவியல் மருத்துவரைக் கேட்டு, ஃபேக்டர் ஏற்பாடு செய்துகொண்டுதான்.

மகள்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறு வயதுப் பெண்ணை இழுத்துப்போய்க் கேரியரா என்று சோதித்து, அந்த முத்திரையோடு அவளை வளர்க்காதீர்கள். சின்ன வயதில் அவளுக்கு அதனால் மருத்துவப் பயன் இல்லையென்றால் காத்திருக்கலாம். புரிந்துகொள்ளும் வயது வந்ததும் அவளிடம் சொல்லி, முடிவை அவளிடம் விடுவதுதான் முறை. ஆனால் காத்திருப்பது வேறு, ஒருபோதும் சொல்லாமல் இருப்பது வேறு. மாப்பிள்ளை வீட்டார் படி ஏறும் நாள் வரை தள்ளிப்போட்டால் அது காத்திருப்பு ஆகாது. மாப்பிள்ளைக்குச் சொல்லலாமா? சொல்லித்தான் ஆக வேண்டும், நிச்சயத்துக்கு முன்பே, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, முடிந்தால் அவள் வாயாலேயே. பத்துப் பொருத்தம் பார்க்கிற வீடு இதைக் கேட்டுப் பின்வாங்கினால் போகட்டும். கேட்டும் நிற்கிற ஒருவன், நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நிற்பான்.

சிலர் கேட்பார்கள்: "மருந்தே இல்லாத நோய்க்கு முன்னாடியே தெரிஞ்சு என்ன பண்ண?" இந்தப் பேச்சு பழசு. ஹீமோஃபிலியாவுக்கு ஃபேக்டர் ஊசி உண்டு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். தோலுக்கடியில் போடும் எமிசிஜுமாப் வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 5 பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. டுஷேன் குணமாவதில்லைதான். ஆனால் சரியான வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. இதயத்துக்கும் மூச்சுக்கும் கொடுக்கும் கவனிப்பு ஆயுளை நீட்டிக்கிறது. பன்னிரண்டு வயதுக்குள் சக்கர நாற்காலி என்பதும், இருபதுக்குள் எல்லாம் முடிந்தது என்பதும் பழைய கணக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவையும் ஹீமோஃபிலியாவையும் 21 வகைகளுள் சேர்த்திருக்கிறது. தசைச் சிதைவுள்ளோருக்குத் தமிழக அரசு மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. அடையாள அட்டை வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று அதையும் வாங்காமல் இருப்பவர்களை என்ன சொல்ல?

இவ்வளவு பேச்சிலும் ஒருவனை மறந்துவிடக் கூடாது. அடுத்த அறையில், சக்கர நாற்காலியில், காது கூர்மையாக இருக்கும் அந்தப் பையன். நாம் சொல்வதெல்லாம் அவனுக்குக் கேட்கிறது. தன்னைப் போல் இன்னொருவன் வந்துவிடக் கூடாது என்று வீட்டார் பயப்படுவதாக மட்டும் அவன் புரிந்துகொண்டால் அது நாம் செய்யும் இரண்டாவது அநியாயம். அவனிடமும் சொல்லுங்கள்: உன்னால் நம் சித்தி வீட்டுக் குழந்தைக்கு உதவி கிடைக்கப் போகிறது, உன் ரத்தத்தில்தான் அதற்கான விவரம் இருக்கிறது என்று. அனுமதி கேளுங்கள். வளர்ந்த பிள்ளையென்றால் கட்டாயம் கேளுங்கள், ரிப்போர்ட் அவனுடையது.

எப்படிச் சொல்வது என்றுதான் பலருக்குத் தொண்டை அடைக்கிறது. நீட்டி முழக்க வேண்டாம். "அக்கா, பையனுக்கு வந்திருக்கிறது அம்மா வழியா வரக்கூடியதாம். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் எடுக்கிறதும் எடுக்காததும் உன் இஷ்டம். ரிப்போர்ட் வேணும்னா அனுப்புறேன், டாக்டர்கிட்டக் கூட வரணும்னா வர்றேன்." இவ்வளவுதான். அக்கா அழலாம். கோபப்படலாம், போனை வைத்துவிடலாம், இரண்டு மாதம் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். அதை உங்களுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "எனக்குத் தெரியவே வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அவள்தான் சொல்ல வேண்டும், அவளுக்காக நீங்கள் சொல்லக் கூடாது.

அக்காவின் பெண்ணுக்கு இப்போது என்ன வயது? இருபதைத் தாண்டிவிட்டாளா, வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்களா? அப்படியென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்று ராத்திரியே போன் போடுங்கள்.